மரப்பாச்சிக்கும் சட்டம் உண்டு: பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கு

எங்கள் வீட்டுக் கொலுப் பெட்டியில் ஒரு ஜோடி மரப்பாச்சி இருக்கிறது. ராஜாவுக்கு மூக்கு மழுங்கிவிட்டது. ராணியின் தோளில், பல் முளைக்கிற வயதில் எந்தக் குழந்தையோ கடித்த தடம். பாட்டியின் அம்மா சீராகக் கொண்டுவந்தது, நூறு வயதைத் தாண்டியது. அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகள் ஊருக்கு வந்தபோது, "அக்கா, இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள். கொடுக்க ஆசைதான். ஆனால் கொடுத்தனுப்பினால் அது குற்றம்.

தொல்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972. நடைமுறைக்கு வந்தது 1976 ஏப்ரல் 5-ஆம் தேதி. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளுக்குத்தான் இது என்று நாட்டுப்புறக் கலைப்பொருள் சேகரிக்கிற பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நூறு ஆண்டுக்குக் குறையாத நாணயம், சிற்பம், ஓவியம், கைவினைப்பொருள், கட்டடத்திலிருந்து பெயர்த்த பாகம், பழங்காலத்துக் கலை, தொழில், சமயம், வழக்கம் ஆகியவற்றைக் காட்டும் எந்தப் பொருளும் தொல்பொருள்தான். மதிப்புள்ள சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டே போதும். ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட சுடுமண் குதிரையும், காரைக்குடிக் கடையில் கிடைக்கும் செதுக்கிய மரத்தூணும், வயது நிறைந்தால் இதற்குள் வந்துவிடும். செய்தவர் பெயர் தெரியாத பொருட்களுக்கும் சட்டம் இந்த மதிப்பைத் தந்திருப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று பதிவு, இன்னொன்று ஏற்றுமதித் தடை.

எல்லாத் தொல்பொருளையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு ஆகியவற்றில் செய்த சிற்பங்கள், காகிதம், மரம், துணி, தோல் போன்றவற்றில் தீட்டிய ஓவியங்கள், படங்கள் உள்ள சுவடிகள், மரத்தில் செதுக்கிய உருவங்கள் ஆகியவற்றுக்குத்தான் பதிவு கட்டாயம். பழைய தஞ்சாவூர் ஓவியமும் மரப்பாச்சியும் இதில் அடங்கும். பொருள் கைக்கு வந்த 15 நாளுக்குள், உங்கள் பகுதிக்குரிய பதிவு அலுவலரிடம் புகைப்படங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ் தருவார்கள், பொருள் உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

"பதிவு பண்ணினா கவர்மென்ட் எடுத்துக்கும்" என்று பயப்படுகிறவர்கள் நிறைய. பொதுமக்கள் பார்வைக்காகப் பாதுகாக்க வேண்டிய பொருள் என்று கருதினால், இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ள மத்திய அரசுக்கு அதிகாரம் இருப்பது உண்மை. ஆனால் உண்மையாகவே வழிபாட்டில் இருக்கும் பொருளுக்கு அது செல்லாது. பதிவின் பலன், பொருள் திருடுபோனால்தான் புரியும். படமும் அளவும் அரசிடம் இருந்தால், "இது எங்களுடையது" என்று நிரூபிக்க அலைய வேண்டியதில்லை.

ஏற்றுமதித் தடையோ எல்லாத் தொல்பொருளுக்கும் பொருந்தும். நூறு வருடத்து வெண்கல உருளி சிற்பம் அல்ல, அதற்குப் பதிவு வேண்டாம். அதற்காக சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பிவைக்க முடியாது. அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் மட்டுமே. மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதம் வேறு.

புதுப் பொருளே பழசு போலத் தோன்றினால்? சுவாமிமலையில் போன வருடம் வார்த்த விளக்குக்கும் விமான நிலையத்தில் கேள்வி வரலாம். இந்தியத் தொல்லியல் துறையிடம் பொருளைக் காட்டி, "தொல்பொருள் அல்ல" என்ற சான்றிதழைப் பயணத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். அவர்கள் முடிவே இறுதி.

நூறு ஆண்டு ஆகாத சிலவற்றுக்கும் தடை உண்டு. வங்காளத்தில் பட்டுவா என்று அழைக்கப்படும் நாட்டுப்புற ஓவியர்களின் பாணியைத் தன் வழியாக எடுத்துக்கொண்ட ஜாமினி ராயின் ஓவியங்கள் 'கலைச்செல்வம்' என்று அறிவிக்கப்பட்டவை. அவர் மறைந்தது 1972-இல்தான் என்றாலும், அவர் ஓவியம் நாட்டைவிட்டுப் போகக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து ஜப்பானிய முகமூடியோ ஆப்பிரிக்க மரச்சிற்பமோ வாங்கி வருபவர்கள் கவனிக்க: சட்டத்தின் வரையறை 'இந்தியாவில் செய்தது' என்று பிரிக்கவில்லை. வாங்கிய ரசீதையும் சுங்கத்துறைத் தாள்களையும் பத்திரமாக வையுங்கள். வாங்கிய நாட்டிலும் இதேபோலத் தடை இருக்கலாம், அதை அங்கேயே விசாரித்துவிடுங்கள்.

உள்நாட்டில் விற்கத் தடையில்லை. ஆனால் தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். பதிவுக்குரிய பொருளை விற்றாலும் தானமாகக் கொடுத்தாலும் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கும்போது ரசீது கேளுங்கள். "கோயில் தேரில் இருந்த பலகை, பில் எல்லாம் கிடையாது" என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எங்கள் ஜோடியை வெள்ளைத் துணியில் நிறுத்தி, பக்கத்தில் அளவுகோல் வைத்து, நாலு பக்கமும் படம் எடுத்தோம். ராணியின் தோளில் இருக்கும் பல் தடத்துக்குத் தனியாக ஒரு படம். அந்தப் படங்களைச் சித்தி மகளுக்கும் அனுப்பியிருக்கிறேன்.