ஃபயர்வாலின் பதிவுகள் ஏன் வந்து சேரவில்லை?

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கிளை மண்ணடியில், தலைமை அலுவலகம் கிண்டியில். இரண்டையும் ஐபிசெக் விபிஎன் (இணையத்தின் மேல் அமைத்த மறையாக்கப்பட்ட இணைப்பு) இணைக்கிறது. கிளைக் கணினிகளிலிருந்து கிண்டி சர்வரைத் திறக்க முடிகிறது. ஃபயர்வாலின் பதிவுகள் மட்டும் அங்கே வருவதே இல்லை. ஏன்?"

வலையமைப்பின் வாசலில் நிற்கும் காவல் பெட்டியான ஃபயர்வால் எதை அனுமதித்தது, எதைத் தடுத்தது என்ற குறிப்புகள் பெரும்பாலும் சிஸ்லாக் என்ற பதிவு அனுப்பும் முறையில், யூடிபி என்ற நெறிமுறை வழியாக, பெறும் கணினியின் 514ஆம் போர்ட்டுக்கு (வாசல் எண்) போகின்றன. 1980களில் அமெரிக்க நிரலாளர் எரிக் ஆல்மன் உருவாக்கிய முறை சிஸ்லாக். யூடிபியில் ஒப்புகை கிடையாது. பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தாலும் அனுப்பிய பெட்டிக்குத் தெரியாது.

எங்கே தொலைகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இத்தகைய விபிஎன் சுரங்கம் ஒரு பாக்கெட்டை ஏற்க, அனுப்புநர், பெறுநர் ஆகிய இரு முகவரிகளும் முன்பே ஒப்புக்கொண்ட வரம்புக்குள் இருக்க வேண்டும். மண்ணடிக்கு 192.168.10 என்றும், கிண்டிக்கு 192.168.20 என்றும் தொடங்கும் முகவரிகள் என வைத்துக்கொள்வோம். கணினியின் பாக்கெட் 192.168.10.25 என்ற முகவரியோடு வருகிறது, சுரங்கம் ஏற்கிறது. பதிவுப் பாக்கெட்டோ ஃபயர்வாலுக்குள்ளேயே பிறக்கிறது. பிறக்கும்போது அதற்கு அனுப்புநர் முகவரி இல்லை. இயங்குதளம், எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் வழிப்பட்டியலைப் பார்க்கிறது. கொள்கை வழி (முகவரி விதிகளை மட்டும் வைத்து) அமைத்த சுரங்கம் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை என்பதால், பொதுவான இணைய வழியே தேர்வாகிறது. இணையத்தை நோக்கிய வெளிப்பக்க முகவரியே ஒட்டப்படுகிறது. அதன் பிறகே சுரங்கத்தின் சோதனை. பெறுநர் சரி, அனுப்புநர் பொருந்தவில்லை. பாக்கெட் மறையாக்கம் இல்லாமலேயே வெளியேறி, தனியார் முகவரிகளை ஏற்காத இணையத்தில் மடிகிறது. முகவரி முதலில், சோதனை பிறகு: இந்த வரிசைதான் முழுக் காரணம்!

பதிவு அமைப்பில் அனுப்புநர் முகவரியாக உட்பக்கத்து 192.168.10.1ஐக் குறிப்பிட்டால் போதும். காரணம் தேடாமல் பெட்டியை அணைத்து அணைத்துப் போடும் பழக்கத்தை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். விலை உயர்ந்த ஃபயர்வால் வாங்கும் நிறுவனங்கள் பதிவுகளைக் காக்கும் வட்டுக்குச் செலவிடத் தயங்குவதும் எனக்கு வருத்தமே. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்லி இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இலேயே உத்தரவிட்டுவிட்டது.

இன்னொன்றையும் வாசகர் கவனிக்க வேண்டும். சுரங்கம் அறுந்தால், அது அறுந்த செய்தியும் அதே சுரங்கத்தின் வழியாகப் போக முடியாது. ஆகவே மண்ணடிப் பெட்டியிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.