‘முதல்ல குடியை நிறுத்திட்டு வா’ என்று விரட்ட முடியாது

குடியும் மனநோயும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் படும் பாடு தனி. மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனால் “மொதல்ல குடிய நிறுத்திட்டு கூட்டியாங்க” என்பார்கள். குடியை விடவைக்கும் மையத்துக்குப் போனால் “இவருக்குத் தலையில வேற பிரச்சினை இருக்கும்மா, நாங்க சேர்த்துக்க மாட்டோம்” என்பார்கள். காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இப்படி இரண்டு வாசலுக்கும் மாறிமாறி நடக்கிற அம்மாக்களும் மனைவிகளும் ஏராளம்.

அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: சட்டம் தரும் உரிமை, விழுந்து எழுந்தவர்களே கூடும் சகக் குழு. முதலில் சட்டம், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 2-ஆம் பிரிவில் மனநோய் என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே, மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனக்கோளாறுகளையும் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே யாரும் இல்லாமலே காதில் குரல் கேட்கிறது என்கிற மனநோயாளிக்கு உள்ள அதே உரிமை, குடியால் மனம் கெட்டவருக்கும் உண்டு. இரண்டும் இருப்பவரைச் சொல்லவே வேண்டாம். 18-ஆம் பிரிவு இன்னும் தெளிவு: வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கும், ஆதரவற்றவருக்கும், பிளாட்பாரத்தில் படுப்பவருக்கும், அரசு நடத்துகிற அல்லது அரசுப் பணத்தில் நடக்கிற மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம். கையில் வறுமைக்கோட்டு கார்டு இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். “சில வாரம் குடிக்காம இருக்கட்டும், அப்புறம் மறுபடி பார்த்துட்டு நோயின் பேரைச் சொல்றேன்” என்று டாக்டர் சொன்னால் அது விரட்டுவது ஆகாது. குடியை விட்ட நாட்களிலும் சிலருக்குக் காதில் குரல் கேட்கும். அது குடியின் விளைவா, தனி நோயா என்று பிரித்தறிய அவகாசம் தேவைப்படும். அந்த இடைவெளியிலும் சிகிச்சை நடந்துகொண்டுதான் இருக்க வேண்டும்.

வட சென்னைக்காரர்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. பெரிய இடம் என்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், 1794-இல் தொடங்கியது. ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று கேலி பேசியே அந்தப் பக்கம் யாரையும் போகவிடாமல் செய்திருக்கிறோம், அது நம் ஊரின் வெட்கக்கேடு. 2025-இல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் திறந்தது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 14416-க்கு அடியுங்கள், இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். போதைக்கென்றே தனி எண் 14446.

இனி குழு விஷயம். மருந்தும் வார்டும் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் ஆரம்பம். அதே தெரு, அதே கூட்டாளி, தெருமுனையில் அதே டாஸ்மாக். இந்த நேரத்தில் கைகொடுப்பது, தானும் அதே குழியில் விழுந்து எழுந்த இன்னொருத்தர். சகக் குழு என்பது அவ்வளவுதான். வாரத்தில் ஒரு மாலை, ஒரு பள்ளிக்கூட அறையிலோ சர்ச் ஹாலிலோ வட்டமாக நாற்காலி, டீ, பிஸ்கட். ஒவ்வொருத்தராகப் பேசுவார்கள். “போன வாரம் ஸ்லிப் ஆயிட்டேன், குடிச்சிட்டேன்” என்று ஒருவர் சொன்னால் யாரும் திட்டமாட்டார்கள். நடுவில் புகுந்து புத்தி சொல்லவும் மாட்டார்கள். நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம், கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது.

ஏ.ஏ. என்று எல்லோரும் சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவில் பிறந்தது. சேர ஒரே நிபந்தனை, குடியை விட வேண்டும் என்ற ஆசை. கட்டணம் கிடையாது. டீச்செலவுக்கு உறுப்பினர்களே போட்டுக்கொள்வார்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் தனியாக உண்டு. மனநோயும் சேர்ந்திருப்பவர்கள் அங்கே வாய் திறக்கத் தயங்கியதால், 1989-இல் அமெரிக்காவிலேயே டூயல் ரெக்கவரி அனானிமஸ் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். அதில் சேர இரண்டு ஆசை வேண்டும்: போதையை விடுவது ஒன்று, மனநோயை ஒழுங்காகக் கவனித்துக்கொள்வது இன்னொன்று.

இந்த இரண்டாவதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஏ.ஏ. மீட்டிங்கில் எப்போதோ ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், “அந்தத் தூக்க மாத்திரையும் போதைதான் தம்பி, அதையும் தூக்கிப் போடு” என்று சொல்லிவிடுவார். ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார் போன்ற மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் அதைக் கேட்டு நிறுத்தினால், நோய் திரும்பும், அதோடு குடியும் திரும்பும். ஏ.ஏ. அமைப்பே தன் வெளியீட்டில், உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக்கூடாது, மருந்து விஷயம் மருத்துவரோடு போகட்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. மாத்திரைக் கவரைக் கையில் வைத்துக்கொண்டே நீங்கள் மீட்டிங்கில் உட்காரலாம்.

இன்னொன்று, தினமும் குடிப்பவர் குழுவின் உற்சாகத்தில் வீட்டில் இருந்தபடியே சட்டென நிறுத்துவது. கடைசிக் குடிக்குப் பின் இரண்டு, மூன்று நாளுக்குள்ளாகவே கைநடுக்கம் முற்றி, வலிப்பு, இல்லாதது தெரிவது, நாள்கிழமை மறப்பது என்று உயிருக்கே வினையாகலாம். அதை நாற்காலி வட்டம் பார்த்துக்கொள்ள முடியாது, ஆஸ்பத்திரிதான். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் ‘குடி மறக்கும் மாத்திரை’யும் அப்படித்தான். குடியை விடவைக்கக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் படுத்துவிடும். மனநோய் உள்ள சிலருக்கு அந்த மருந்தே பிரமையைக் கூட்டும். பிள்ளையின் மேல் உள்ள பாசத்தில் ரசத்தில் கலக்காதீர்கள்.

மீட்டிங்கில் பேசியது வெளியே போகாது என்பது குழுவின் கட்டுப்பாடு. சட்டம் கட்டுப்படுத்துவது சிகிச்சை தரும் டாக்டர், நர்ஸ் போன்றவர்களைத்தான். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க அவர்களைக் கட்டாயப்படுத்துகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பரை அது கட்டுப்படுத்தாது. எனவே வேலை பார்க்கும் இடத்தின் பெயர், கடன் கணக்கு, கேஸ் விவரம் இவற்றை முதல் வாரமே கொட்டிவிட வேண்டாம் என்பது என் யோசனை.

குழுவில் பழகியவர் வேறு வகையிலும் உதவலாம். அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, தனக்காகப் பேச ஒருவரை நியமனப் பிரதிநிதியாக 18 வயது நிரம்பிய யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். வெள்ளைத்தாளில் கையெழுத்தோ ரேகையோ போதும். நியமிக்கப்படுபவரும் சம்மதத்தை எழுத்தில் தர வேண்டும். அவர் உறவினராக இருக்க வேண்டிய அவசியமில்லை. வீட்டோடு பேச்சுவார்த்தை அறுந்துபோன எத்தனையோ பேருக்கு, நாலு வருஷமாக நிதானமாக இருக்கிற ஒரு ஏ.ஏ. அண்ணன்தான் நிஜமான சொந்தம். அவர் பெயரைத் தெளிந்த நாளிலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.

எது குழு, எது குழு இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வந்து பேசிவிட்டு வீட்டுக்குப் போகும் கூட்டத்துக்குப் பதிவு எதுவும் தேவையில்லை. ஆட்களைத் தங்கவைத்து, சிகிச்சை என்றும் மறுவாழ்வு என்றும் சொன்னால் அது மனநல நிலையம். பதிவு கட்டாயம். பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவைக்கே 5,000 முதல் 50,000 ரூபாய் அபராதம், மறுபடி மறுபடி செய்தால் 5 லட்சம் வரை. சங்கிலியால் கட்டுவது, கட்டாயமாக மொட்டையடிப்பது, கூலியில்லாமல் வேலை வாங்குவது எதுவும் கூடாது. தானாகச் சேர்ந்தவர் போகிறேன் என்றால் விட வேண்டும். மருத்துவருக்குச் சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்க 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம், அவ்வளவே. வெளியே வரவிடாமல் மாதக்கணக்கில் பணம் கறக்கும் இடம் என்று தெரிந்தால் 15100-க்கு அழைத்து இலவசச் சட்ட உதவி கேளுங்கள்.

கஞ்சாவோடும் வலி மாத்திரையோடும் பிடிபட்ட பையன்களின் பெற்றோர் இதை எப்போதும் கேட்பார்கள்: சிகிச்சைக்குப் போனால் கேஸ் போய்விடுமா? போதைப்பொருள் தடைச் சட்டத்தின் 64-ஏ பிரிவு அதற்காகவே இருக்கிறது. தான் பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு உள்ள அடிமைநோயாளி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. வலி மாத்திரை எல்லாமே அந்தச் சட்டத்துக்குள் வராது, எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று முதலில் வக்கீலிடம் காட்டுங்கள். பாதியில் ஓடிவிட்டால் விலக்கும் போகலாம். விற்றவருக்கு இது பொருந்தாது.

உங்கள் பகுதியில் இரண்டு நோயும் உள்ளவர்களுக்கென்று குழு இல்லையென்றால், ஸ்டான்லி ஓ.பி.யில் வரிசையில் நிற்கிற நாலு பேர் போதும், தொடங்கலாம். ஹாலுக்கு அனுமதி, ஒரே கிழமை, ஒரே நேரம். முதல் நாளிலேயே இரண்டு விதி பேசி முடிவு செய்துவிடுங்கள்: யாரும் யாருடைய மருந்தையும் பற்றிச் சொல்லக்கூடாது, குடித்துவிட்டு வந்தவரைப் பேசவிடாமல் உட்காரவைக்க வேண்டும், விரட்டக்கூடாது. கிளம்புவதற்கு முன் எல்லோரும் அடுத்த ஓ.பி. தேதியை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். தேதி தவறியவரின் வீட்டுக்கு மறுநாள் ஒருத்தர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.