சீருடை இருக்கட்டும், துணியையும் ஷூவையும் கொஞ்சம் கவனிப்போம்

பள்ளி திறந்து நாலைந்து வாரம் ஆனதும் தோல் பிரிவு ஓ.பி.யில் சிறுபிள்ளைகள் வரிசை நீள ஆரம்பித்துவிடும். இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை, விரலிடுக்கில் சேற்றுப்புண், கழுத்தில் வேர்க்குரு, தொடையிடுக்கில் சொறிந்து சொறிந்து கருத்துப்போன தோல். அழைத்து வரும் பெற்றோர் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். "கத்திரிக்காய் குடுத்ததால இருக்குமா டாக்டர்? கருவாடு ஆகலையோ?" கத்திரிக்காய் மேல் நம் ஊரில் விழாத பழி இல்லை. நான் சட்டைக் காலருக்குள் இருக்கும் லேபிளைப் புரட்டிப் பார்ப்பேன், அப்புறம் ஷூவைக் கழற்றச் சொல்வேன். பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

சீருடையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில் மதிய உணவோடு சேர்த்துப் பள்ளிச் சீருடையும் ஏன் முன்னால் வந்தது என்பது நமக்கெல்லாம் தெரியும்: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மிராசுதார் பிள்ளையா கூலிக்காரர் பிள்ளையா என்று உடுப்பைப் பார்த்துச் சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும். 1985ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஒரு செட் இலவசச் சீருடை வந்தது. 2012-13லிருந்து அது நாலு செட் ஆனது. இந்த நாலு செட்டை எல்லோரும் நலத்திட்டம் என்றுதான் பார்க்கிறார்கள், ஒரு தோல் மருத்துவராக எனக்கு அது சுகாதாரத் திட்டமாகவே படுகிறது. ஏனென்றால் நாலு செட் இருக்கும் பிள்ளை தினமும் துவைத்து நன்றாகக் காய்ந்ததைப் போட்டுக்கொண்டு வரலாம். தனியார் பள்ளிகளில் நடப்பது வேறு. குறிப்பிட்ட கடையில், அவர்கள் சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்பதால் பல வீடுகளில் இரண்டு செட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதல் நாள் வியர்வை காயாத சட்டையை மறுநாளும் மாட்டிக்கொண்டு, மேலே டை கட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். ஃபீஸ் கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு, கட்டாத பிள்ளைக்கு நாலு. இந்த ஒரு விஷயத்திலாவது அரசுப் பள்ளி முந்திக்கொண்டது சந்தோஷம்.

ஆனால் சீருடை எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சட்டை ஒன்றாகிவிட்டால் மணிக்கட்டு பேச ஆரம்பித்துவிடுகிறது. தென் மாவட்டங்களில் கையில் கட்டும் கலர் கயிறு எந்தச் சாதி என்று சொல்லிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்கே போய் வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். மாதக்கணக்கில் கழற்றாத, எப்போதும் ஈரமாகவே இருக்கிற கயிறு, அது கோயில் கயிறோ வேறு கயிறோ, அடியில் வளையம் போட்டதுபோல் தோலைப் புண்ணாக்கும். மருந்து கொடுத்துக் கயிறை அவிழ்க்கச் சொன்னால் சில பையன்கள் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சரி, துணிக்கு வருவோம். பருத்தி தன் எடையில் ஏறத்தாழ ஏழெட்டு சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே உள்வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. அதனால் பாலியஸ்டர் அதிகமுள்ள சட்டைக்குள் வியர்வை தோலின் மேலேயே நிற்கும். வியர்வைக் குழாய் அடைபட்டு வேர்க்குரு வரும், இடுக்குகளில் பூஞ்சை குடியேறும். வறண்ட தோலும் கரப்பானும் உள்ள பிள்ளைகளுக்கு அரிப்பு ராத்திரி தூக்கத்தையே கெடுக்கும். பள்ளிகள் ஏன் இந்தத் துணியை எடுக்கின்றன என்றும் புரிகிறது: சாயம் போகாது, கசங்காது, இஸ்திரி தேவையில்லை, விலையும் கட்டுப்படியாகும். ஐப்பசி மழையில் பருத்திச் சட்டை இரண்டு நாளானாலும் காயாது, அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டு அனுப்புவது பாலியஸ்டரைவிட மோசம். அதனால் முழுப் பருத்திதான் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதில்லை. கலப்புத் துணியே இருக்கட்டும், அதில் பருத்தியின் பங்கு அதிகமாக இருந்தால் போதும். உள்ளே போடும் பனியனும் ஜட்டியும் மட்டும் கண்டிப்பாகப் பருத்தியாக இருக்கட்டும்.

புதுச் சீருடையைத் துவைக்காமல் போட வேண்டாம். கசங்காமல் மொடமொடப்பாக இருக்கத் துணிக்கு ஏற்றும் பிசின்களில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், ஒரு சிலருக்கு அது ஆகாது. பாலியஸ்டருக்கு அடர்நீலம், கறுப்பு நிறம் கொடுக்கும் டிஸ்பெர்ஸ் வகைச் சாயங்களும் அப்படித்தான். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன அடையாளம் உண்டு. துணியால் வரும் அலர்ஜி அக்குளின் நடுக் குழியில் பெரும்பாலும் இருக்காது, துணி உரசும் விளிம்புகளில்தான் சிவந்து தடித்திருக்கும். நடுக் குழியிலேயே இருந்தால் டியோடரன்ட் போடுகிறாயா என்று கேட்பேன் (எட்டாம் வகுப்பிலேயே போடுகிறார்கள், அண்ணன் பாட்டிலை எடுத்து). தொப்புளுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்கு மட்டும் சொரசொரவென்று கருத்திருந்தால் அது பெல்ட் பக்கிளில் இருக்கும் நிக்கல். வருஷக்கணக்கில் படர்தாமரைக்கு மருந்து போட்டுவிட்டு வருவார்கள். பனியனை பேன்ட்டுக்குள் விட்டு, பக்கிள் தோலில் படாமல் பார்த்துக்கொண்டால் அடங்கிவிடும்.

ஷூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். போன பருவத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அம்மா அழைத்து வந்தார். "இவன் ஷூவக் கழட்டினா வீட்ல ஒருத்தரும் இருக்க முடியல டாக்டர், கால் கழுவுடான்னா கழுவுறதே இல்ல." பையன் தலையைக் குனிந்துகொண்டு, கால் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். "கழட்டு தம்பி, எனக்கு இது தினமும் பார்க்கிறதுதான்" என்று சொன்ன பிறகு மெதுவாகக் கழற்றினான். நைலான் சாக்ஸ் நனைந்து ஒட்டியிருந்தது. உள்ளங்கால் வெளுத்து ஊறிப்போய், குதிகாலிலும் பெருவிரல் அடியிலும் சல்லடை போலச் சின்னச் சின்னக் குழிகள். இது அழுக்கு இல்லை. ஈரமும் காற்றோட்டமில்லாத ஷூவும் சேரும்போது ஒரு வகை பாக்டீரியா பெருகித் தோலின் மேலடுக்கை அரிக்கிறது, அதுதான் அந்த நாற்றம். அவன் நாளைக்கு நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான் என்பது விசாரித்தபோதுதான் தெரிந்தது. அம்மாவுக்கே அது தெரியவில்லை. வகுப்பில் பக்கத்து பெஞ்சுப் பையன்கள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்களாம். தடவ ஒரு ஆன்டிபயாடிக் லோஷன், மதியம் மாற்ற இன்னொரு ஜோடி பருத்தி சாக்ஸ், சாயங்காலம் வந்ததும் ஷூவின் நாக்கை வெளியே இழுத்துவிட்டு வெயிலில் வைப்பது. கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது. வைத்தியம் மலிவு, ஆனால் அதற்குள் பிள்ளை பட்ட அவமானம் மலிவில்லை. உங்கள் வீட்டில் கால் நாறுகிறது என்றால் தயவுசெய்து திட்டுவதற்கு முன்னால் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளில், முக்கியமாகக் கரப்பான் உடம்புக்காரர்களில், முன்பாதம் பளபளவென்று சிவந்து வெடிப்பு விடும். அதுவும் ரெக்சின் ஷூவுக்குள் நனைந்து, பிறகு காய்ந்து, மறுபடி நனைவதால் வருவதுதான். நம் வெயிலுக்குக் காலை எட்டரையிலிருந்து ஸ்பெஷல் கிளாஸ் முடியும் ஐந்தரை வரை மூடிய கறுப்பு ஷூ எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 2022 மே மாதம் வெப்ப அலை வீசியபோது ஒன்றிய கல்வி அமைச்சகமே பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. தளர்வான, வெளிர்நிறப் பருத்திச் சீருடையை அனுமதிக்கலாம், டை கட்டாயத்தைத் தளர்த்தலாம், தோல் ஷூவுக்குப் பதில் கேன்வாஸ் ஷூ போடலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. கீழமை நீதிமன்றங்களில் வக்கீல்களுக்கே கோடையில் கறுப்பு கோட்டுக்கு விலக்கு உண்டு. யு.கே.ஜி. பிள்ளைக்கு மட்டும் டைக்கு விலக்கு இல்லை!

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, ரெட்டை ஜடை. முடியை அவிழ்த்து விடாமல் பின்னிக் கட்டினால் பேன் பரவுவது குறையும், அது நல்லதுதான். ஆனால் வகிடு எடுத்து, நெற்றி இழுபடுகிற அளவுக்கு இறுக்கி, மடித்து ரிப்பன் வைத்துக் கட்டுகிற வழக்கத்தில் வருஷம் முழுக்க முன்நெற்றி முடியின் வேர் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. காதுக்கு மேலே, வகிட்டு ஓரத்தில் முடி மெலிந்து தோல் தெரிகிறதென்றால் காரணம் பெரும்பாலும் அந்த இறுக்கம்தான், இரும்புச் சத்துக் குறைவு அல்ல. ஆரம்பத்திலேயே தளர்த்திக் கட்டினால் முடி திரும்ப வளரும், பல வருஷம் விட்டுவிட்டால் வளராது. நெற்றி வரை வழியும் தேங்காய் எண்ணெய் வேறு, பன்னிரண்டு வயதில் நெற்றி நிறையப் பருக்களோடு வருவார்கள்.

இன்னொன்று, வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வெள்ளைச் சீருடை. ஆண்கள் உட்கார்ந்து முடிவெடுத்த விஷயம் இது என்று சத்தியம் செய்வேன். மாதவிடாய் நாட்களில் கறை தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஜட்டி, அதற்கு மேல் டைட்ஸ், ஒரே நாப்கினோடு சாயங்காலம் வரை. பிறகு தொடை உரசிப் புண்ணாகி, அரிப்பு வந்து, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் மெடிக்கலில் ஏதோ ட்யூப் வாங்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். பாவாடைக்கு அடர்நிறம் வைத்தால் தீரும் பிரச்சினைக்கு ஒரு பெண் எதற்கு இத்தனை பாடுபட வேண்டும்?

அந்த ட்யூப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சீருடையால் வருவதைவிட அதனால் வரும் கெடுதல் பெரிது. மருந்துக் கடையில் "படர்தாமரைக்கு ஒரு க்ரீம்" என்று கேட்டால் பல இடங்களில் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் ஒன்றாகக் கலந்த ட்யூப் கிடைக்கும். போட்ட இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது, உள்ளுக்குள் பரவும். தொடையில் போட்டால் தோல் மெலிந்து, பிரசவக் கோடு போல வரிகள் விழும், அவை மறையவே மறையாது. இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018லேயே அரசாணை வந்தும் விற்பனை நின்றபாடில்லை. இன்றைக்கு இந்தியாவில் சாதாரண பூஞ்சை மாத்திரைக்கு அடங்காத ட்ரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்ற பூஞ்சை பரவிக் கிடப்பதற்கு இந்தக் கலவை க்ரீம்களும் ஒரு காரணம் என்று நாங்கள் கருதுகிறோம். பிள்ளைக்குப் படர்தாமரை என்றால் வீட்டில் மற்றவர்களையும் பார்க்க வேண்டும், துண்டைத் தனியாக வைக்க வேண்டும், சீருடையின் இடுப்புப் பட்டியையும் தையல் மடிப்பையும் உள்பக்கம் திருப்பி வெயிலில் காயப் போட்டு, சூடாக இஸ்திரி போட வேண்டும்.

பள்ளியிடம் கேட்கத் தயங்கும் பெற்றோருக்கு நானே லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுப்பதுண்டு: இந்தப் பிள்ளைக்குத் தோல் நோய் இருப்பதால் அதே நிறத்தில் பருத்தி உடையும் கேன்வாஸ் ஷூவோ திறந்த செருப்போ அணிய அனுமதிக்கவும். பெரும்பாலான தலைமை ஆசிரியர்கள் மறுப்பதில்லை. "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க டாக்டர்" என்று ஒருவர் போனில் சொன்னார். கேட்கட்டுமே சார், கொடுத்துவிடுங்கள் என்றேன், சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அந்தப் பையனுக்கு அனுமதி கிடைத்தது, மற்றவர்களுக்கு இல்லை.

தனித்தனியாகக் கடிதம் வாங்குவதைவிட, அடுத்த வருஷத்துச் சீருடைக்கு ஆர்டர் போகும் முன்பே பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசுவது மேல். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்புங்கள். கேட்க வேண்டியவை அதிகமில்லை: துணியில் பருத்தி எத்தனை சதவீதம், கோடை மாதங்களில் டையும் மூடிய ஷூவும் இல்லாமல் வரலாமா, வெள்ளைப் பாவாடையை மாற்ற முடியுமா, துணியை வெளியில் எடுத்துத் தெரிந்த டெய்லரிடம் தைத்துக்கொள்ளலாமா. துணி சாம்பிளைக் காட்டினால் வாங்கி வந்து வீட்டில் ஒரு தடவை துவைத்துக் காயவைத்து, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உருண்டபடி அப்படியே நின்றால் அந்தத் துணி வியர்வையையும் அப்படித்தான் நிறுத்திவைக்கும் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.