வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையும் அமெரிக்கக் குடியுரிமையும்: பிரசவத்துக்கு முன்பே போட வேண்டிய நாள்கணக்கு

அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருவர் தமிழ்நாட்டில் திருமணம் செய்து, குழந்தையும் இங்கேயே பிறந்தால், அக்குழந்தைக்கும் அந்தக் குடியுரிமை தானாக வந்துவிடும் என்றே பெரும்பாலான குடும்பங்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. குடியேற்றச் சட்ட ஆலோசனைக்காக என்னிடம் வருபவர்களில் பலர் தந்தையின் அல்லது தாயின் அமெரிக்கப் பாஸ்போர்ட்டையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் மட்டுமே கையில் கொண்டுவருகிறார்கள். அவை இரண்டும் தேவைதான். ஆனால், குழந்தை பிறப்பதற்கு முன் அந்தப் பெற்றோர் அமெரிக்க மண்ணில் எவ்வளவு காலம் இருந்தார், அதை எந்த ஆவணத்தால் மெய்ப்பிக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் துணைத் தூதரக அதிகாரி முடிவெடுக்கிறார்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். சுருக்கமாக சி.ஆர்.பி.ஏ. என்று அழைக்கப்படும், வெளிநாட்டில் நிகழ்ந்த பிறப்பு குறித்த தூதரக அறிக்கை, குழந்தைக்குக் குடியுரிமையை வழங்குவதில்லை. சட்டத்தின் நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால் குழந்தை பிறந்த கணமே குடிமகன் ஆகிவிடுகிறது. அந்த உண்மையை அரசு ஏற்றுக்கொண்டதற்கான பதிவே அந்த அறிக்கை. நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்றால், விண்ணப்பத்தை எவ்வளவு அழகாக நிரப்பினாலும் பயனில்லை.

திருமணமான பெற்றோர் இருவருமே அமெரிக்கக் குடிமக்கள் என்றால் நிபந்தனை எளிது: அவர்களில் ஒருவராவது குழந்தை பிறப்பதற்கு முன் அமெரிக்காவில் வசித்திருந்தால் போதும். ஒருவர் மட்டுமே குடிமகன், மற்றவர் இந்தியக் குடிமகன் என்னும்போதுதான் கணக்கு கடுமையாகிறது. 1986 நவம்பர் 14 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, குடிமகனான பெற்றோர் குழந்தை பிறப்பதற்கு முன் மொத்தம் 5 ஆண்டுகள் அமெரிக்காவில் உடலளவில் இருந்திருக்க வேண்டும். அதில் குறைந்தது 2 ஆண்டுகள் அவருடைய 14ஆம் வயதுக்குப் பிறகானவையாக இருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. மாணவர் விசாவிலோ, எச்-1பி விசாவிலோ, கிரீன் கார்டிலோ இருந்த காலமும், அதாவது குடியுரிமை பெறுவதற்கு முந்தைய காலமும், சேரும். ஆனால் குழந்தை பிறந்த அன்று அவர் குடிமகனாக இருந்தாக வேண்டும். மறுநாள் குடியுரிமைக்கான உறுதிமொழி எடுத்திருந்தால் இந்த வழி மூடப்பட்டுவிடும்.

வேலைக்குச் சென்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் அங்கிருந்து குடியுரிமை பெற்றவர்களுக்கு இதில் பெரிய சிக்கல் எழுவதில்லை. சிக்கலில் மாட்டுபவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். தொண்ணூறுகளின் மென்பொருள் அலையில் பெற்றோர் அமெரிக்கா சென்றபோது அங்கே பிறந்து, மழலை மாறும் முன்பே சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ திரும்பி, இங்கேயே பள்ளியும் கல்லூரியும் முடித்த தலைமுறை. பிறப்பால் குடிமக்கள் என்பதால் தங்கள் பிள்ளைகளுக்கும் அது இயல்பாகக் கடந்துவிடும் என்று நம்புகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, 1995 ஜூனில் சான் ஹோசேயில் பிறந்து, 1999 ஜூனில் பெற்றோருடன் சென்னைக்குத் திரும்பிய ஒருவரை வைத்துக்கொள்வோம். 2017 ஆகஸ்டில் டெக்சாஸில் முதுகலை படிக்கச் சென்று, 2019 மே மாதம் திரும்பிவிட்டார். நடுவில் ஒரு மாத விடுமுறைக்கு ஊருக்கு வந்தார். குழந்தைப் பருவத்தின் 4 ஆண்டுகளும் படிப்புக் காலத்தின் 20 மாதங்களும் சேர்ந்து 5 ஆண்டுகளைத் தாண்டிவிட்டன என்று அவர் நிம்மதியாக இருப்பார். ஆனால் 14 வயதுக்குப் பிந்தைய 24 மாதங்களில் 4 மாதங்கள் குறைகின்றன. அந்தக் குறை ஒன்றே மறுப்புக்குப் போதும். குழந்தை பிறந்த பிறகு அங்கே போய்ச் சேர்க்கும் ஒரு நாளும் கணக்கில் வராது. மனைவி கருவுற்ற செய்தி வந்த வாரத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், அந்த 4 மாதங்களை அமெரிக்காவில் கழித்துவிட்டுப் பிரசவத்துக்கு முன் திரும்ப அவகாசம் இருந்திருக்கும். வளைகாப்புக்குப் பந்தல்காரரிடம் முன்பணம் கொடுக்கும் முன்பே இந்தத் தேதிகளை எழுதிப் பாருங்கள் என்று நான் பலரிடம் சொல்வது அதனால்தான்.

நாட்கள் இருந்தால் மட்டும் போதாது. அவற்றுக்குச் சான்று வேண்டும். வருமான வரிப் படிவங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருகிறார்கள். எந்த நாட்டில் இருந்துகொண்டும் வரி தாக்கல் செய்யலாம் என்பதால் அவை தனியே நின்று பெரிதாக எதையும் நிரூபிப்பதில்லை. பள்ளி, பல்கலைக்கழக மதிப்பெண் பதிவேடுகள் வலுவானவை, ஏனெனில் அவை பருவம் வாரியாக ஒருவரை ஓரிடத்தில் நிறுத்துகின்றன. வேலை பார்த்தவர்களுக்கு, நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பள அறிக்கையான டபிள்யூ-2 படிவங்களும், நிறுவனம் பணிக்காலத்தையும் பணியிடத்தையும் குறிப்பிட்டுத் தரும் கடிதமும், வீட்டு வாடகை ஒப்பந்தமும் உதவும். மழலைப் பருவத்துக்குக் குழந்தை மருத்துவரின் தடுப்பூசி அட்டையைத் தேடிப் பாருங்கள். பாட்டி வீட்டு அலமாரியில் பழைய ஆல்பத்தோடு கிடக்கும் அந்த அட்டையில் தேதியும் மருத்துவமனை முத்திரையும் இருக்கும்.

பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குடிமக்கள் அமெரிக்காவுக்குத் திரும்பும்போது அங்கே பெரும்பாலும் முத்திரை குத்துவதில்லை. ஆனால் சென்னை விமான நிலையத்தில் வரும்போதும் போகும்போதும் குத்திய முத்திரைகள், எந்த நாட்கள் இந்தியாவில் கழிந்தன என்பதைக் காட்டிவிடும். மற்ற ஆவணங்களோடு அவற்றைப் பொருத்தினால் மீதி நாட்கள் அமெரிக்காவில் கழிந்தவை என்று காட்ட இயலும். விண்ணப்பத்தில் இந்த நாட்களை வரிசையாக எழுதும்போது ஊருக்கு வந்த விடுமுறைகளைக் கழித்துவிட்டே எழுத வேண்டும். '2009 முதல் 2015 வரை' என்று ஒட்டுமொத்தமாக எழுதிவிட்டு, பாஸ்போர்ட்டில் ஆறு இந்தியப் பயண முத்திரைகளை வைத்துக்கொண்டு சாளரத்தின் முன் நிற்பவர் மீது அதிகாரிக்கு ஐயம் எழுவது இயல்பே.

திருமணச் சான்றும் இதே அளவு கவனத்துக்குரியது. கோயிலில் தாலி கட்டிய புகைப்படம் நமக்குப் போதுமானதாக இருக்கலாம். அவர்களுக்குப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். முந்தைய திருமணம் இருந்திருந்தால் விவாகரத்துத் தீர்ப்பின் நகலும் வேண்டும். பெற்றோர் மணமாகாதவர்கள், தந்தை மட்டுமே குடிமகன் என்றால், இரத்த உறவை ஐயமற நிறுவுவதோடு, குழந்தைக்கு 18 வயது ஆகும்வரை பொருளுதவி செய்வதாகத் தந்தை எழுத்தில் உறுதி தர வேண்டும். தந்தைமையை முறைப்படி ஒப்புக்கொள்ளவும் வேண்டும். மணமாகாத தாய்க்கு முன்பு தொடர்ச்சியான ஓராண்டு போதுமானதாக இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் மொராலெஸ்-சாந்தானா வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பின், 2017 ஜூன் 12 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தாய்க்கும் அதே 5 ஆண்டு, 2 ஆண்டு விதிதான்.

பெயர் விஷயம் நம் ஊருக்கே உரிய தலைவலி. மருத்துவமனைப் படிவத்தில் தந்தையின் பெயரை 'கா. முருகன்' என்று தலைப்பெழுத்தோடு எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பாஸ்போர்ட்டிலோ அவர் முருகன் காளிமுத்து. இருவரும் ஒருவரே என்று பின்னர் மெய்ப்பிப்பதைவிட, பிரசவத்தன்றே பாஸ்போர்ட்டைப் பார்த்து, அதே எழுத்துகளில் எழுதிக் கொடுப்பது எளிது.

விண்ணப்பப் படிவம் டி.எஸ்-2029, கட்டணம் 100 டாலர். குழந்தைக்கு 18 வயது நிறைவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு, சென்னை அண்ணா மேம்பாலம் அருகிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் நடக்கும். குழந்தையையும் அழைத்துச் செல்ல வேண்டும். சி.ஆர்.பி.ஏ.வை வைத்துக்கொண்டு பயணம் செய்ய முடியாது என்பதால் பாஸ்போர்ட்டுக்கும் அதே நாளில் விண்ணப்பித்துவிடுவது நல்லது. வர இயலாத பெற்றோர், பாஸ்போர்ட்டுக்கான இசைவை டி.எஸ்-3053 படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

நாள்கணக்கு தேறாதவர்களுக்கும் வழி உண்டு. தாத்தாவோ பாட்டியோ அமெரிக்கக் குடிமகனாக இருந்து, அவர்களுக்கு அந்த 5 ஆண்டுக் கணக்கு நிறைவேறியிருந்தால், என்-600கே படிவத்தின் மூலம் அவர்களுடைய நாட்களைக் கொண்டு குழந்தைக்குக் குடியுரிமை கோரலாம். குழந்தை முறையான அனுமதியோடு அமெரிக்காவுக்குத் தற்காலிகமாகச் சென்று, 18 வயது நிறையும் முன் எல்லாம் முடிந்தாக வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் தாத்தா பாட்டி குடியுரிமை பெறாமலேயே 1999இல் திரும்பியிருந்தால் இவ்வழி இல்லை. அப்போது எஞ்சுவது கிரீன் கார்டு. 18 வயதுக்குள் குழந்தை நிரந்தரக் குடியிருப்பாளராக நுழைந்து, குடிமகனான பெற்றோரின் பொறுப்பில் அங்கேயே வாழத் தொடங்கினால், 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி அது தானாகவே குடிமகன் ஆகிவிடும். குடும்பமே அங்கே குடிபெயர வேண்டும் என்பதுதான் இதற்கான விலை.

எல்லாம் நல்லபடியாக முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் உடனே விமானச் சீட்டு வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பாஸ்போர்ட்டில் இந்திய விசாவும் இல்லை, நுழைவு முத்திரையும் இல்லை. ஆகவே வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் வெளியேறும் அனுமதிக்கு விண்ணப்பித்து, அது கையில் கிடைத்த பிறகே பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்.