கார்ப்பஸ்: தமிழில் உரைத்திரட்டு

கணினிக்கு மொழி கற்றுக்கொடுப்பவர்கள் வாயில் ஓயாமல் புழங்கும் சொல் கார்ப்பஸ். கணினி படித்துக் கற்பதற்காகச் சேர்த்துவைத்த எழுத்து மொத்தமும் கார்ப்பஸ்தான். செய்தி, கலைக்களஞ்சியக் கட்டுரை, வாய்ச்சண்டை, விளம்பரம் என எதுவும் அதில் இருக்கும்.

லத்தீனில் கார்ப்பஸ் என்றால் உடல். ஆட்கொணர்வு மனுவை ஹேபியஸ் கார்ப்பஸ் என்கிறோமே, அதிலும் இதே உடல்தான். கார்ப்பரேஷனும் இதே வேரில் முளைத்ததுதான். உறுப்புகள் சேர்ந்து உடலாவதால், பலவற்றைத் திரட்டிய முழுமைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மியூச்சுவல் ஃபண்டில் திரண்ட பணத்தைக் கார்ப்பஸ் என்பதும் இப்படித்தான்.

கணினிக்கென உருவான முன்னோடித் திரட்டு, 1960களில் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் தொகுத்தது. 1961இல் அச்சானவற்றிலிருந்து 500 பகுதிகளை ஆள் வைத்துப் பொறுக்கினார்கள். சுமார் 10 லட்சம் சொற்கள். இணையம் வந்ததும் பொறுக்குவது குறைந்து வாருவது கூடிவிட்டது.

வாரியதைக் கணினி எப்படிப் படிக்கும்? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2010 ஜனவரியில் ஓடத் தொடங்கிய நெல் என்ற நிரலைப் பாருங்கள். (ஆங்கிலப் பெயரின் சுருக்கம், வயலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ‘பாரிஸ் போன்ற நகரங்கள்’ என்று எங்காவது கண்டால், பாரிஸ் ஒரு நகரம் என்று குறித்துக்கொள்ளும் வகை இது. அப்புறம் பாரிஸ் வரும் மற்ற வரிகளைப் பார்த்து, நகரங்களைப் பற்றி மனிதர்கள் எப்படியெல்லாம் எழுதுகிறார்கள் என்று புது வார்ப்புகளைப் பிடிக்கும். அவற்றை வைத்து இன்னும் பல நகரங்களைப் பிடிக்கும். முதல் 67 நாளில் சேர்த்த தகவல்கள் 2,42,000க்கு மேல். அவற்றில் 74 சதவீதம் சரி என்று மதிப்பிட்டார்கள்.

மிச்சத்தில்தான் வேடிக்கை. இணையதளங்களுக்காகப் பிரவுசர் சேமிக்கும் சிறு குறிப்புக்கும் குக்கி என்று பெயர்; அதைத் தின்னும் குக்கி, அதாவது பிஸ்கட், என்று எடுத்துக்கொண்டது நெல். ‘குக்கிகளை அழித்தேன்’ என்பதுபோலவே ‘ஃபைல்களை அழித்தேன்’ என்றும் எழுதுகிறார்களா, சரி, ஃபைலும் அடுப்பில் சுட்ட பண்டம்தான் என்று முடிவு கட்டியது! படித்தது பிழையில்லை, இணைத்த விதம்தான் பிழை.

தமிழில் கார்ப்பஸுக்குத் தரவகம் என்ற சொல் ஆய்வாளர்களிடையே புழங்குகிறது. தவறில்லை, ஆனால் நூலகம்போல அது ஓர் இடத்தை நினைவூட்டுகிறது, டேட்டாபேஸைக் குறிக்கும் தரவுத்தளத்தோடும் குழம்புகிறது. எட்டுத்தொகையில் வரும் ‘தொகை’ பொருத்தமானதுதான், என்றாலும் இன்று அதைக் கேட்டால் பணம்தான் ஞாபகம் வருகிறது. தனிப்பாடல் திரட்டு என்று முன்பே பழகிய ‘திரட்டு’ எனக்குப் பிடித்திருக்கிறது: பல இடத்திலிருந்து கூட்டிச் சேர்த்தது என்பது சொல்லிலேயே தெரிகிறது. எழுத்து என்று வரையறுக்க, உரைத்திரட்டு.

கிளைச்சொற்களும் எளிதாக அமைகின்றன. கணினியைப் பழக்குவதற்கானது பயிற்சித் திரட்டு. மொழிபெயர்ப்புக்காக இரு மொழி வாக்கியங்களை எதிரெதிரே வைத்தது இணைத்திரட்டு. பன்மைக்குக் கார்ப்போரா என்று லத்தீன் இலக்கணம் தேட வேண்டாம், திரட்டுகள் போதும்.