ஜப்பானிய அக்குபங்சர்: ஊசிக்கு முன்னால் வரும் கை

ஜப்பானிய அக்குபங்சரில் அதிகம் புழங்கும் ஊசிகளின் தடிமன் 0.16 முதல் 0.20 மில்லிமீட்டர். ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் ஊசி சுமார் 0.7 மி.மீ. இருக்கும். இவ்வளவு மெல்லியது என்பதால் வலிக்காது, ஆபத்தும் இல்லை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். முதலாவது பெரும்பாலும் சரி. இரண்டாவது, ஊசி போடுகிறவர் தொட்டுப் பார்க்கக் கற்றவரா என்பதைப் பொறுத்தது.

ஜப்பானில் இதற்கு அரசு உரிமம் கட்டாயம். குறைந்தது மூன்று ஆண்டுப் படிப்பு, பிறகு தேசியத் தேர்வு. ஊசிக்கு ஓர் உரிமம், மொக்சா (மூலிகைப் பஞ்சைத் தோலில் வைத்து எரிப்பது) சூட்டுக்குத் தனி உரிமம்.

நோயாளி கால்களை நீட்டி மல்லாந்து படுப்பார். முதலில் நாடி: இரு மணிக்கட்டிலும் மும்மூன்று இடங்களில், மேலாக ஒரு முறை, அழுத்தி ஒரு முறை. அடுத்து வயிறு. உள்ளங்கையால் தடவிக் குளிர்ச்சியும் ஈரமும் எங்கே என்று பார்த்தபின், விரல்களால் மெல்ல அழுத்தி விலாவுக்குக் கீழே இறுக்கம், தொப்புளைச் சுற்றித் துடிப்பு, அடிவயிற்றில் தளர்ச்சி ஆகியவற்றைத் தேடுவார்கள். வயதானவரின் வயிற்றில் விரிந்து விரிந்து துடிக்கும் கட்டி தட்டுப்பட்டால் சிகிச்சையை அங்கேயே நிறுத்தி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், பெருந்தமனி வீங்கியிருக்கலாம். இன்னொன்று: நாடி பார்த்து 'சிறுநீரகம் பலவீனம்' என்று சொன்னால் அது இம்முறைக்குள் புழங்கும் பேச்சு. கிரியாட்டினின் பரிசோதனையின் இடத்தில் அதை வைக்கவே கூடாது.

புள்ளியைத் தேடுவதும் விரல்தான். புத்தகப் படம் தெருவைக் காட்டும், வீட்டை விரல் கண்டுபிடிக்க வேண்டும். படத்தில் உள்ள இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி ஒரு சின்னக் குழிவோ, முடிச்சோ, தொட்டால் கூசும் இடமோ இருக்கும். அங்கேதான் ஊசி.

ஊசியை நுழைக்க இன்று உலகமெங்கும் பயன்படும் வழிகாட்டிக் குழாயைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் 17-ஆம் நூற்றாண்டில் எடோ (இன்றைய டோக்கியோ) நகரில் வாழ்ந்த சுகியாமா வாய்ச்சி. பார்வையற்றவர், தன்னைப் போன்றவர்களுக்கு இக்கலையைக் கற்பிக்கப் பள்ளியும் நடத்தினார். ஜப்பானில் பார்வையற்றோர் பள்ளிகளில் இன்றும் அக்குபங்சர் ஒரு தொழிற்படிப்பு. தொடுதலுக்கு இம்முறை தரும் இடத்தை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

குழாய் ஊசியைவிடச் சில மில்லிமீட்டர் குட்டை. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குழாயின் அடியைப் பிடித்துத் தோலோடு சேர்த்து நிலைநிறுத்தும். 'ஒஷிதே' என்பது இந்தக் கைதான். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காம்பை வலது ஆள்காட்டி விரலால் இரண்டு மூன்று முறை இலேசாகத் தட்டுவார்கள். தோலைத் தாண்டியதும் குழாயை எடுத்துவிட்டு, விரலால் மெதுவாக உள்ளே செலுத்துவார்கள். பல இடங்களில் சில மில்லிமீட்டர் ஆழமே போதும். தோலைக் குத்தாமல் முனையை வைத்துத் தொட்டு எடுப்பதோடு நிறுத்தும் மரபுகளும் உண்டு.

சுருக்கென்று குத்தினால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: குழாய் தோலில் சமமாகப் படியவில்லை, இடது கைப் பிடி தளர்ந்திருக்கிறது, துடைத்த ஆல்கஹால் காயவில்லை, ஊசி மயிர்க்காலில் விழுந்திருக்கிறது. நோயாளி அசைந்து தசை இறுகினால் ஊசி சிக்கிக்கொள்ளும். அப்போது இழுக்கவே கூடாது. சற்று விட்டுவிட்டு, சுற்றிலும் தட்டித் தளர்த்தலாம்; பக்கத்தில் இன்னோர் ஊசி போட்டுத் தசையை இளக வைப்பதும் உண்டு. காம்பு தோலைத் தொடும்வரை ஊசியை இறக்கவும் கூடாது, ஏனெனில் முறிந்தால் முறிவது பெரும்பாலும் காம்படியில்தான். வெளியே கொஞ்சம் நீண்டிருந்தால்தான் பிடித்து எடுக்க முடியும்.

ஊசியை எடுக்க மறப்பது எளிய தவறு, அடிக்கடி நடப்பது. போட்டபோது எண்ணியதும் எடுத்தபோது எண்ணியதும் ஒத்துப்போக வேண்டும். ஊசிகள் ஒருமுறை மட்டும் பயன்படுத்துபவையாக, உங்கள் கண்முன் உறையைப் பிரித்து எடுத்தவையாக இருக்கட்டும். ஒரு காலத்தில் ஜப்பானில் தங்க ஊசியை வெட்டித் தோலுக்குள்ளேயே விட்டுவிடும் வழக்கம் இருந்தது. அந்தத் துண்டுகள் உடலுக்குள் நகர்ந்து உறுப்புகளைக் காயப்படுத்தியிருக்கின்றன. யார் செய்வதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

மொக்சா மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த யோமோகி இலையின் மெல்லிய நார்ப்பஞ்சு. அதை அரிசி அளவுக்கு, சில சமயம் அரை அரிசி அளவுக்கு உருட்டித் தோலில் நிற்க வைத்து ஊதுபத்தியால் பற்றவைப்பார்கள். முழுக்க எரிய விட்டால் தழும்பு விழும் என்பதால், சூடு உறைத்ததும் விரலால் அணைப்பதே இன்று பரவலான வழக்கம். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு இது வேண்டாம். அவர்களுக்குச் சுடுவது தெரியாது, புண் ஆறாது.

பிளாஸ்டரோடு ஒட்டி அனுப்பும் குட்டி ஊசிகளின் நீளம் 0.3 முதல் 1.5 மி.மீ. அரித்தாலோ சிவந்தாலோ உடனே எடுத்துவிட வேண்டும். வியர்வை அதிகமுள்ள நாட்களில் சொன்ன கெடு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சிகிச்சைக்கு முன் நீங்களே சொல்ல வேண்டியவை: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கர்ப்பம், பேஸ்மேக்கர் (ஊசியில் மின்சாரம் கொடுக்கும் முறை இவர்களுக்கு ஆகாது), முன்பு ஊசி போட்டு மயக்கம் வந்திருந்தால் அது. பசியோடு போகாதீர்கள், முதல் முறை உட்கார்ந்தபடி ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து தோள்மேட்டிலும் மேல்முதுகிலும் இருக்கிறது. தோள்பட்டை இறுக்கத்துக்கு எல்லோரும் கேட்கும் இடம் அது. ஆனால் அதற்கடியில் நுரையீரலின் உச்சி. ஒல்லியானவர்களுக்கு இடைவெளி மிகக் குறைவு. நேராக ஆழமாகப் போன மெல்லிய ஊசியும் நுரையீரலைத் துளைத்துக் காற்றுக் கசிய வைக்கும். அறிகுறி உடனே வராமல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். அந்த இடங்களில் ஊசி போட்டபின் நெஞ்சு வலி, வறட்டு இருமல், மாடி ஏறும்போது மூச்சு வாங்குதல் ஏற்பட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். எங்கே ஊசி போட்டார்கள் என்பதைச் சொல்லி நெஞ்சு எக்ஸ்ரே கேளுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை விமானம் ஏறாதீர்கள்.