விழுந்த டைலின் பின்பக்கத்தைப் பாருங்கள்

சுவரில் ஒட்டிய டைல் கழன்றுவிட்டது என்று கூப்பிடுகிறவர்களிடம், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். பசை முழுக்கச் சுவரிலேயே நின்று டைல் மட்டும் வெறுமையாக வந்திருந்தால், பசை காய்ந்த பிறகு ஒட்டியிருப்பார்கள், அல்லது டைலின் முதுகில் இருந்த தூசியைத் துடைக்காமல் விட்டிருப்பார்கள். பசை டைலோடு வந்து சுவர் மொழுமொழுவென்று தெரிந்தால், கோளாறு சுவரில்.

கான்கிரீட் சுவரில் இது அதிகம். கான்கிரீட் வார்க்க அடித்த பலகையைப் பிரிக்க வசதியாகத் தடவிய எண்ணெய் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: சுவர் உறிஞ்சிக் கறுத்தால் சரி. முத்து முத்தாக நின்று வழிந்தால் அந்தத் தோலைத் தேய்த்தோ கொத்தியோ எடுத்தே ஆகவேண்டும். பழைய பெயின்டும் அப்படித்தான். பசை பெயின்டைப் பிடிக்கும், ஆனால் பெயின்ட் சுவரை விட்டுவிடும். பூச்சுச் சுவரானால் உள்ளங்கையால் தேயுங்கள், மாவாகக் கையில் வந்தால் அது டைலைத் தாங்காது.

புதுக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 28 நாள் விடுங்கள். அதன் பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டுதான் இருக்கும். தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தை நான் தனியாகக் கவனிப்பேன். இரண்டும் ஒரே அளவில் அசைவதில்லை. அந்தக் கோட்டின் மேல் டைலைக் குறுக்கே ஒட்டினால், சுவரில் விழும் விரிசல் டைலிலும் விழும். டைல் இடைவெளியை அந்தக் கோட்டிலேயே வருமாறு அமைத்து, சிமெண்ட் கிரவுட்டுக்கு (டைல் இடைவெளியை அடைக்கும் கலவை) பதில், நெகிழ்ந்து கொடுக்கும் சிலிக்கோன் அடைப்பதே நல்லது. இரண்டு சுவர்கள் சேரும் மூலைக்கும் இதே முறைதான்.

அடுத்தது, பார்த்தாலே கோபம் வருகிற வேலை ஒன்று. நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து உருண்டை பசை வைத்து அமுக்குவது. வேகமாக முடியும், மட்டமும் எளிதில் வரும். ஆனால் உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம். பிறகு என்றைக்காவது ஒரு ஆணிக்குத் துளை போட்டால் அங்கேதான் உடையும். குளியலறையில் தண்ணீர் அங்கேதான் தேங்கும். சுவர் மேடு பள்ளமாக இருப்பதால்தான் உருண்டை வைக்கிறோம் என்பார்கள். 2 மீட்டர் மட்டப்பலகையை வைத்துப் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரிந்தால் முதலில் பூசிச் சரிசெய்யுங்கள். பள்ளத்தை நிரப்புவது பசையின் வேலை இல்லை.

பசையை முதலில், ஒரு பக்கம் பல் வெட்டிய பூச்சுக் கரண்டியின் தட்டையான பக்கத்தால் சுவரில் அழுத்தித் தேய்க்க வேண்டும். அப்புறம் பல் உள்ள பக்கத்தால் ஒரே திசையில் கோடு இழுக்க வேண்டும். டைலை வைத்து, அந்தக் கோடுகளுக்குக் குறுக்காக லேசாக நகர்த்தி அமுக்கினால் கோடுகள் சரிந்து ஒன்றோடொன்று சேரும். அவ்வப்போது ஒரு டைலை உடனே பிடுங்கிப் பாருங்கள். ஈரம் படாத இடத்தில் குறைந்தது 80 சதவீதம், குளியலறையில் 95 சதவீதம் பசை பிடித்திருக்க வேண்டும். வெயிலும் காற்றும் அடிக்கிற சுவரில் பசை சீக்கிரம் ஆடை கட்டும். விரலால் தொட்டு, ஒட்டவில்லை என்றால் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். மேலே தண்ணீர் தெளித்து ஒப்பேற்றக் கூடாது.

டைலைத் தண்ணீரில் ஊறவைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வெறும் சிமெண்ட் கலவையில் ஒட்டும் சாதாரண செராமிக் டைல் என்றால் ஊறவைக்க வேண்டும், இல்லையென்றால் கலவையின் ஈரத்தை அது குடித்துவிடும். டைல் பசைக்கு ஊறவைக்கக் கூடாது. விட்ரிஃபைட் டைல், அதாவது அதிகச் சூட்டில் கண்ணாடி போல இறுகச் சுட்ட டைல், 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, அதனால் வெறும் சிமெண்ட் அதைச் சரியாகப் பிடிக்காது. அதற்குப் பாலிமர் கலந்த பசைதான்.

இன்னொன்று, டைல் ஒட்டிவிட்டால் நீர்க்கசிவு நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். கிரவுட் வழியாக ஈரம் போகும். நீர்த்தடுப்புப் பூச்சு டைலுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கிரவுட் போடுவதற்கு முன், குறைந்தது ஒரு நாள் கழித்து, ஒவ்வொரு டைலையும் மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். டொக் என்று வெற்றுச் சத்தம் வருவதில் சாக்பீஸால் குறி போடுங்கள். அந்த நிலையில் மாற்றுவது சுலபம்.